சுலைகாவின் கல்யாண ஊர்வலம்

பாரசீக ஏட்டுச் சித்திரத்தில் ஓர் அரச ஊர்வலத்தை முதன்முதலாகப் பார்ப்பவருக்குக் கண் எங்கே நிற்பதென்று தெரியாது. அவ்வளவு கூட்டம், அவ்வளவு நிறம். கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கண் நிற்க இடம் கிடைத்துவிடும்.

பாரசீகக் கவிஞர் ஜாமியின் 'யூசுப்–சுலைகா' காவியத்தில் வரும் காட்சி ஒன்று. கனவில் கண்ட பேரழகன்தான் எகிப்தின் அமைச்சரான அஜீஸ் என்று நம்பி, அவரை மணக்க வருகிறாள் இளவரசி சுலைகா. வழியில் கூடாரத் துணியின் கிழிசல் வழியே அவரைப் பார்த்துவிடுகிறாள். கனவில் வந்தவர் இவர் இல்லை! இனித் திரும்பவும் முடியாது. தலைநகருக்குள் ஊர்வலம் நுழைகிறது, மக்கள் திரண்டு வரவேற்கிறார்கள். கொண்டாட்டத்தின் நடுவே மனமுடைந்தவள் மணமகள் ஒருத்திதான்.

ஈரானின் சஃபாவித் அரசகுல இளவரசர் இப்ராகிம் மிர்ஸாவுக்காக 1556 முதல் 1565 வரை உருவான 'ஹஃப்த் அவ்ரங்' (இந்தக் காவியமும் அடங்கிய ஜாமியின் தொகுப்பு) கையெழுத்துப் பிரதியில் இந்தக் காட்சி சித்திரமாக இருக்கிறது. ஏ4 தாளைவிடச் சற்றே பெரிய ஏடுதான். அதற்குள் ஓர் ஊரே அடங்கியிருக்கிறது.

முகங்களில் அவளுடைய துயரத்தைத் தேடாதீர்கள். இந்த மரபில் அழகிய முகமெல்லாம் ஏறக்குறைய ஒரே முகம்தான். அழுகைக்கென்று தனி முகம் எழுதுவது அரிது. உணர்ச்சி உடலசைவில் இருக்கும். கழுத்து திரும்பும் திசை, நீளும் கை, ஒருவர் காதில் மற்றவர் குனிவது எல்லாவற்றையும் கவனியுங்கள். வியந்தால் நாம் மூக்கின்மேல் விரல் வைப்போம். பாரசீகச் சித்திரத்தில் அந்த விரல் உதட்டுக்குப் போகும். எந்த ஊர்வலச் சித்திரத்திலும் அந்த விரலைத் தேடிப் பாருங்கள், கூட்டம் பேச ஆரம்பித்துவிடும்.

நிழல் விழாது. தூரத்தில் இருப்பவர் சிறுத்துப் போகமாட்டார், மேலே ஏறுவார். ஆகவே பக்கத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கதை நடப்பது எகிப்தில் என்றாலும் உடையும் தலைப்பாகையும் ஓவியர் காலத்து ஈரானுடையவை. வரலாற்றுப் பிழையென்று இதை ஒதுக்குவது தவறு. தம் கண்முன் கண்ட அரசவையின் பகட்டையே ஓவியர்கள் சுலைகாவுக்குச் சீதனமாகக் கொடுத்திருக்கிறார்கள். இப்ராகிம் மிர்ஸாவுக்கும் ஈரான் மன்னர் ஷா தஹ்மாஸ்பின் மகளுக்கும் திருமணம் நடந்ததும் பிரதி உருவான அந்த ஆண்டுகளில்தான்.

நிறங்களை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். இந்தச் சித்திரங்களின் ஆழ்நீலம் இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த கல்லை அரைத்தது. பொன்னிறம் உண்மையான பொன்.

இந்தப் பிரதி இன்று வாஷிங்டனின் ஃப்ரீர் காட்சியகத்தில் இருக்கிறது. காட்சியகத்தின் இணையதளத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். கூட்டத்தை விட்டுவிட்டு, முதலில் சுலைகா எங்கே என்று தேடுங்கள்.