பசியும் அரசும்: ‘ஆயிரத்தில் ஒருவன்’ பெற்ற மறுமதிப்பு

வெளிவந்தபோது விமரிசகராற் குறைகூறப்பட்ட திரைப்படம் பின்னர் போற்றப்படுமிடத்து, அது காலத்தை முந்திய படைப்பு என்னும் விளக்கமே பெரும்பாலும் தரப்படுகின்றது. எக்காலம், எவருடைய காலம் என்பன அவ்விளக்கத்தில் மறைந்துவிடுகின்றன.

செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 ஜனவரி 14 இல் வெளிவந்தது. பாண்டியரிடம் தோற்ற சோழரின் வழித்தோன்றல்கள் வியட்நாமை அண்டிய தீவொன்றில் ஒளிந்து வாழ்கின்றனர். தாயகத்திலிருந்து தூதுவன் வருவானெனக் காத்திருந்து பசியால் மெலிகின்றனர். ஈற்றில் நவீன படையினரால் அழிக்கப்படுகின்றனர். இப்பிற்பகுதியே குழப்பமானது, குருதி மிகுந்தது என அன்று கண்டிக்கப்பட்டது. முற்பகுதியின் சாகசத்தை நாடிச் சென்றோர்க்கு அது நியாயமாகவே தோன்றியிருக்கும். கதைப்பின்னலின் தொய்வுகளை நாமும் மறுப்பதற்கில்லை.

ஆனால் 2009 மே மாதம் கழிந்து ஓராண்டு நிறையுமுன்னர் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இப்படத்தை இறுவட்டிற் பார்த்தோர்க்கு எக்குழப்பமும் இருக்கவில்லை. உணவுக்கு ஏங்கும் கூட்டம், சிறைப்பட்ட பெண்கள்மீதான வன்முறை, கடல்கடந்து வருமென நம்பப்பட்ட உதவி: இவற்றுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. தூதாக வந்தவளே பகைவரின் வழித்தோன்றல் என்பதும் அவர்களுக்கு வியப்பளிக்கவில்லை. எம்மோடிருந்த நாட்டாமைத் தொழிலாளர் ஒருவர் இடைநடுவில் எழுந்து வெளியே போய்விட்டார். தமிழகத்திலும் பலர் இதனை ஈழத்தின் உருவகமாகவே வாசித்தனர். படத்தின் மறுவாழ்வு இங்கேதான் தொடங்குகின்றது எனலாம்.

பின்னர் நிகழ்ந்தது வேறு. 2021 புத்தாண்டில் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 31 இல் படம் மீண்டும் திரையிடப்பட்டது. மக்களின் துயரநினைவு முதலீட்டுக்குரிய பண்டமாயிற்று. ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தபின் இரசிகரிற் பலர் பசியை மறந்து சோழப் பெருமையையே பற்றிக்கொண்டனர்.

அப்பெருமைக்கு எமது மாவட்டமே ஒரு மறுப்பு. பெரியகுளத்தை அண்டிய வெல்கம் விகாரை பதினோராம் நூற்றாண்டில் இராசராசப்பெரும்பள்ளி எனப் பெயர்பெற்றது. தமிழ்ப் பௌத்தரின் கொடைகளைக் கூறும் தமிழ்க் கல்வெட்டுக்கள் அங்குள்ளன. கோயிலையும் பள்ளியையும் ஒருங்கே தனக்குத் துணையாக்கிய அவ்வரசு திறையையும் கடல்வாணிபத்தையும் நாடி இங்கு வந்தது. இன்றைய இனவுணர்வை அதன்மேல் ஏற்றிக் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இம்முரண்பாடு படத்தினுள்ளேயே உண்டு. சுமைதூக்கும் கூலிகளின் தலைவனான முத்து, இறுதியில் அரச குழந்தையைக் காக்கும் பணியாளனாகின்றான். இதே பெயருடைய 1965 ஆம் ஆண்டுப் படத்தில், ஒரு வணிகப் படத்துக்குரிய அளவிலேனும், அடிமைகள் தமது விடுதலைக்காகக் கிளர்ந்தனர். இங்கு மக்கள் மடிகின்றனர், வமிசம் பிழைக்கின்றது. விமரிசகர்கள் 2010 இல் இதனைக் குறைகூறியிருப்பின் நாமும் அவர்களோடு உடன்பட்டிருப்போம்.