கணக்கில் வராத காவல்காரர்கள்

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கோல் அடித்தவர்களின் பின்னாலேயே போயிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, எண்கள் அங்கேதான் இருக்கின்றன. எசண்டன் அணியின் ஜான் கோல்மன் 1949-இல் முதல் ஆட்டத்திலேயே 12 கோல் அடித்தார். 1954-இல் முழங்கால் அடிபட்டு ஒதுங்கியபோது 98 ஆட்டங்களில் 537 கோல் சேர்ந்திருந்தது. அவரைப் போன்றவர்களைத் தடுத்து நின்றவர்களுக்கு எந்த ஏட்டில் என்ன எழுதுவது? எத்தனை உதை, எத்தனை பிடி என்ற விவரம்கூட 1965-க்கு முன் முறையாகக் கிடைப்பதில்லை.

அதனால் காவல்காரர்களின் புகழ் வாய்மொழியாகவே நிலைத்திருக்கிறது. 1930-களில் காலிங்வுட் அணியின் ஜாக் ரீகனை ஃபுல்பேக்குகளின், அதாவது கோல் கம்பங்களுக்கு நேர் முன்னே நிற்கும் காவல்காரர்களின், இளவரசன் என்றார்கள். ஃபுல்பேக்குக்காவது இப்படி ஒரு பட்டம் உண்டு. அவருக்குப் பக்கத்தில், கோல் கம்பங்களை ஒட்டிய மூலையில் நிற்கும் பேக் பாக்கெட் ஆளுக்கு அதுவும் இல்லை. எதிராளியோடு ஒட்டிக்கொள், பந்தைக் குத்தித் தள்ளு, அவ்வளவுதான் வேலை. பிற்காலத்தில் அந்த இடத்து ஆட்டக்காரர்களை 'பேக் பாக்கெட் பிளம்பர்' என்று கேலி செய்தார்கள்.

இந்த மூலையிலிருந்துதான் பெர்னி ஸ்மித் வந்தார். அடிலெய்டுக்காரர். வெஸ்ட் அடிலெய்டு 1947-இல் கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தவர், மறு ஆண்டு விக்டோரியா லீக்கில் ஆடிய ஜீலாங் அணிக்குப் போனார். நடுக்களத்தில் ஓடிப் பழகிய கால்களை அங்கே பின்மூலையில் நிறுத்தினார்கள். அவை நிற்கவில்லை. பந்து கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காமல், அங்கிருந்தே தாக்குதலைத் தொடங்கினார். ஜீலாங் பயிற்சியாளர் ரெஜ் ஹிக்கி தம் காலத்தில் தடுப்பு வரிசையின் நடுவில், சென்டர் ஹாஃப்பேக்காக ஆடியவர். பின்வரிசையில் கிடைத்த பந்தை வேகமாக முன்னே கொண்டுபோகும் ஆட்டத்தை அவர் விரும்பினார். ஸ்மித் பெயர் பெற்றதில் பாதிப் பங்கு ஹிக்கிக்கு என்பது என் கணிப்பு.

1951-இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் ஸ்மித்துக்குக் கிடைத்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என வாக்குப் போடுபவர் களத்தில் கூடவே ஓடும் நடுவர். ஏட்டில் ஏறாததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் ஜீலாங் எசண்டனை 11 புள்ளியில் வென்றது. அன்று கோல்மன் ஆடவில்லை. எதிராளியை அடித்ததற்காக நான்கு வாரத் தடையில் இருந்தார். ஜீலாங் ரசிகர்கள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆனால் 1952-இல் மறுபடியும் கோப்பை, அடுத்த ஆண்டு வரை நீண்ட 23 தொடர் வெற்றிகள். இதையெல்லாம் தடையின் கணக்கில் எழுத முடியாது.

ஃபுட்ஸ்க்ரே அணி 1954-இல் அதே லீக்கில் தன் முதல் கோப்பையை வென்றபோது அணியின் தலைவரும் பயிற்சியாளருமாக இருந்த சார்லி சட்டனும் பேக் பாக்கெட்டில் பேர் வாங்கியவரே. அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஸ்மித் ஜீலாங்குக்கு 183 ஆட்டங்கள் ஆடி 1958-இல் விலகினார். 1996-இல் லீக்கின் நூற்றாண்டு அணியைத் தேர்ந்தெடுத்தபோது கோல் அடிக்கும் ஃபுல்ஃபார்வர்டு இடம் கோல்மனுக்கு, ஒரு பேக் பாக்கெட் ஸ்மித்துக்கு. இன்னொரு பேக் பாக்கெட்டில் கார்ல்டன் அணியின் ரக்மேன், அதாவது நடுவர் எறியும் பந்துக்குத் தாவி மோதும் ஆட்டக்காரர், ஜான் நிக்கல்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.