இரண்டாவது பாட்டில் காணாமல் போன பேஸ்

கல்லூரிக் கலைவிழா மேடையில் இசைக்குழுக்களைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. முதல் பாட்டு அமைதியானது, பேஸ் கிதார் நன்றாகவே கேட்கிறது. இரண்டாவது பாட்டில் பல்லவி முடிந்ததும் கிதார்காரர் டிஸ்டார்ஷன் பெடலை மிதிக்கிறார். அவ்வளவுதான், பேஸ் காணாமல் போய்விடுகிறது. பேஸிஸ்டின் விரல் ஓடுகிறது, தலை ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. அவர் ஆம்ப் பக்கம் திரும்பி, ‘பேஸ்’ என்று எழுதிய குமிழை முழுக்கத் திருகுகிறார். அரங்கின் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. இப்போது ஒரு ‘கும்’ கேட்கிறது, ஆனால் அது எந்த சுரம் என்று அவரோடு வாசிப்பவர்களுக்கே தெரியாது. பாடகர் சுருதியை எங்கே பிடிப்பது என்று தடுமாறத் தொடங்குகிறார். அந்தக் குழுவின் ஆட்டம் அங்கேதான் கைவிட்டுப் போகிறது, நடுவர்கள் பெரும்பாலும் பாடகரின் பெயரில் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள்.

திருகியது தவறான குமிழ். நான்கு தந்தி பேஸில் கனமான ‘ஈ’ தந்தியின் அடிப்படை அதிர்வு வினாடிக்கு 41 சொச்சம். அடுத்தடுத்த தந்திகள் 55, 73, 98. மனிதக் காது இந்த வட்டாரத்தில் மந்தமானது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். நாம் ஒரு பேஸ் சுரத்தை அடையாளம் காண்பது அந்த 41-ஐ வைத்து அல்ல. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேலே எழும் அதிர்வுகளை வைத்துத்தான். செல்போன் ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனில் போடும் பாட்டின் பேஸ் வரி நமக்குப் புரிகிறது. மேலே இருக்கும் அதிர்வுகளைக் கொண்டு மூளை அடித்தளத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. மேடையில் பேஸ் ‘கேட்க வேண்டும்’ என்றால் கூட்ட வேண்டியது மிட். சுமார் 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி.

இளம் பேஸிஸ்டுகள் அதைத்தான் முதலில் குறைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிட்டைப் பள்ளமாக்கினால் காதுக்கு அமிர்தம். கடையில் வாங்கும்போது விற்பனையாளரும் அப்படி வைத்துத்தான் வாசித்துக் காட்டுவார். மேடைக்கு வந்ததும் அந்த டோனின் கீழ்ப்பகுதியைக் கிக் ட்ரம் எடுத்துக்கொள்கிறது, மேல்பகுதியைச் சிம்பல் தின்றுவிடுகிறது. நடுவில் இரண்டு கிதார், ஒரு கீபோர்டு. பேஸுக்கு மிஞ்சுவது பள்ளம் மட்டும்.

பாதிப் பழி கிதார்காரருக்கும் போக வேண்டும். ஆம்பில் அவரும் பேஸ் குமிழை ஏற்றி வைத்திருப்பார், தனியாகக் கேட்டால் அது கம்பீரமாக இருக்குமே! 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிதாரைக் குறைத்துவிட்டால் கேட்பவர்களுக்குக் கிதாரில் எந்த இழப்பும் தெரியாது. அந்த இடத்தை பேஸ் நிரப்பிவிடும், கிதாரே இன்னும் கனமாகத் தோன்றும். இதைப் பயிற்சி அறையில் பேசித் தீர்க்க வேண்டும். மேடையில் பேசினால் சண்டைதான் வரும்.

அடுத்தது அறை. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். நம் ஊர் ஜாம் ரூம்களில் முக்கால்வாசி அவ்வளவு நீளமே கிடையாது. அலை சுவரில் மோதித் திரும்பி, சில சுரங்களை ஊதிப் பெரிதாக்கும், சிலவற்றை விழுங்கிவிடும். இரண்டடி தள்ளி நின்றால் கணக்கு மாறிவிடும். ஆம்பை மூலையில் ஒட்டி வைத்தால் ‘கும்’ இன்னும் பெருக்கும். இன்னொன்று, தரையில் வைத்த ஆம்ப் பேஸிஸ்டின் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது. தெளிவைத் தரும் மேல் அதிர்வுகள் நேர்கோட்டில் போவதால் அவர் காதுக்கு எட்டுவதில்லை. ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று அவர் ஏற்றிக்கொண்டே போக, முன் வரிசைக்காரர்கள் காதைப் பொத்துகிறார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பெரிய ஆம்ப் வாங்குவது அதற்குப் பிறகு. அப்போதும் நினைவில் வைக்க வேண்டியது: 100 வாட்டை 200 வாட்டாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

டோன் என்றதும் பேச்சு உடனே கருவிகளுக்குத் தாவுவது வழக்கம். லியோ ஃபெண்டர் 1951-ல் கலிபோர்னியாவில் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ்தான் இந்த வாத்தியத்தின் அளவையே தீர்மானித்தது. 34 அங்குலத் தந்தி நீளம் இன்றுவரை பொது வழக்கு. 1957-ல் அதன் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து வைத்தார்கள், 1960-ல் இரண்டு பிக்கப்போடு ஜாஸ் பேஸ் வந்தது. இன்று கடையில் விற்கும் மலிவான பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் வாரிசுகள். சொந்த அபிப்பிராயம் கேட்டால், பலர் சேர்ந்து வாசிக்கும் அமெச்சூர் குழுவுக்கு ஒரே பிக்கப் கொண்ட பிரிசிஷன் வகைதான் சரி. குழப்பிக்கொள்ளக் குமிழ்கள் குறைவு, மிட் தானாகவே நிற்கும்.

அந்த வாத்தியத்தில் என்ன முடியும் என்பதற்கு டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டூடியோவில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஒருவரே போதும். 1962-ம் ஆண்டு பிரிசிஷன் பேஸ், வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் தந்திகள். அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பது பிரசித்தம். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்று. பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச். ஸ்டூடியோவில் பெரும்பாலும் ஆம்ப் கூட இல்லை, பேஸை நேராக மிக்ஸரில் சொருகினார்கள். நம் பையன்கள் மாதம் ஒரு பெடல் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் பழைய தந்தியோடு அத்தனை ஹிட்களையும் வாசித்து முடித்தார். மோட்டவுன் அவர் பெயரை உறையில் அச்சிட 1971-ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வர வேண்டியிருந்தது.

அந்த ஸ்பாஞ்சை விட்டுவிட்டு நகர மனமில்லை. அமெச்சூர் குழுக்களின் பேஸில் எனக்கு உண்மையான குறை அங்கேதான். சுரத்தைத் தொடங்க எல்லோருக்கும் தெரிகிறது, நிறுத்தத் தெரிவதில்லை. ஸ்பாஞ்ச் செய்வது சுரத்தைச் சீக்கிரம் அணைப்பது. கிக் ட்ரம் ‘தும்’ என்று அடித்து ஓய்ந்த பிறகும் பேஸ் சுரம் வழிந்துகொண்டிருந்தால், அடுத்த ஸ்நேர் அடி அந்தச் சேற்றில் விழுகிறது. அந்த சுரத்தை ஸ்நேர் விழும் இடத்தில் சட்டென்று அணைத்துப் பாருங்கள், ட்ரம்மரே திடீரென்று நன்றாக வாசிப்பதாகத் தோன்றும். இதற்கு எந்தப் பெடலும் வேண்டாம். இடது கை விரலை ஃப்ரெட்டிலிருந்து முழுக்க எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் போதும். வலது கைக் கட்டைவிரலை பிக்கப் மேலேயே ஊன்றி வைக்காமல், மேல் தந்திக்கு வாசிக்கப் போகும்போது கூடவே நகர்த்தி அடித் தந்திகள் மேல் சாய்த்துக்கொண்டால், மீட்டாத தந்திகளின் அதிர்வும் அடங்கிவிடும். ஒலிப்பதிவைக் கேட்டால்தான் இந்தக் குறை தெரியும், வாசிக்கும்போது காது தன் தவறை மன்னித்துவிடுகிறது. போனில் பதிவு செய்து, பேஸ் எப்போது தொடங்குகிறது என்பதை விட்டுவிட்டு எப்போது ஓய்கிறது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்வேன்.

ஸ்லாப் பற்றி ஒரு வார்த்தை. கட்டைவிரலால் தந்தியைத் தட்டும் அந்த உத்தியைப் பரப்பிய லாரி கிரஹாம், தன் அம்மாவோடு சிறு குழுவில் வாசித்தபோது ட்ரம்மர் இல்லாத குறையை ஈடுகட்டத்தான் அதைத் தொடங்கினார். நம் மேடைகளில் ட்ரம்மர் முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருக்க, பேஸிஸ்டும் தட்டுகிறார்.

தமிழ்ப் பாட்டுக்கு வருவோம், இங்கே சிக்கல் வேறு. ‘மூடுபனி’ (1980) படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’ கிதாரோடு வரும் எந்தக் குழுவும் தொட்டுப் பார்க்கும் பாட்டு. இளையராஜா பாடல்களில் பேஸ் என்பது கார்டின் முதல் சுரத்தைத் தாங்கும் தூண் அல்ல. அது பாடகருக்கு அடியில் தனி வழியில் நடக்கும் இன்னொரு மெட்டு. அவர் குழுவில் சசிதரன் வாசித்தவற்றைக் காதில் ஹெட்போன் வைத்து, பாடகரை மறந்து கேட்டால் இது விளங்கும். மாணவர் குழுக்களோ இணையத்தில் கார்டு பெயர்களை எடுத்துவந்து, ஒவ்வொரு கார்டுக்கும் முதல் சுரத்தை நான்கு தரம் அடித்துவிட்டுப் போகின்றன. பாட்டு பாட்டாகவே இருக்கும், ஆனால் ஏதோ குறைகிறது என்று கூட்டத்துக்குப் படும். என்ன குறைகிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. இப்படிப்பட்ட பாட்டை எடுத்தால் பேஸ் வரியை முதலில் படியெடுத்துவிட்டு, பிறகு கிதாருக்குப் போவது நல்லது. கேசட் உறைகளில் வாத்தியக்காரர் பெயர் போடும் வழக்கம் பொதுவாக இல்லாததால், யாரைத் தேடிக் கேட்பது என்று ஒரு தலைமுறைக்குத் தெரியாமலே போயிற்று. ரஹ்மான் ஆல்பங்களில் பெயர்கள் அச்சானதால், பேஸிஸ்ட் கீத் பீட்டர்ஸ் என்று தேடிக் கேட்டவர்கள் பிறகு வந்தார்கள்.

மெல்லிசைக் குழுக்களில் இன்னொரு கூத்து உண்டு. பல காலமாக பேஸ் வேலையைக் கீபோர்டுக்காரரின் இடது கைதான் பார்த்து வந்தது. புதிதாக ஒரு பேஸிஸ்ட் சேர்ந்த பிறகும் அந்தக் கை பழக்க தோஷத்தில் கீழே இறங்கிவிடும். 60 ஹெர்ட்ஸில் இரண்டு பேர் ஒரே சுரத்தை வாசித்து, பேஸின் சுருதி இம்மியளவு விலகியிருந்தால், ஒலி அலைபோல் ஏறி இறங்கி வயிற்றைப் புரட்டும். யாராவது ஒருவர் கையை எடுக்க வேண்டும். வயதில் மூத்த கீபோர்டுக்காரரிடம், “அண்ணே, இடது கையைக் கொஞ்சம் மேலே வெச்சுக்குங்க” என்று சொல்லத்தான் பேஸிஸ்டுக்கு முதல் துணிச்சல் வேண்டும்.

ஐந்து தந்தி மோகம் பற்றியும் கேட்கிறார்கள். கூடுதலாக வரும் ‘பி’ தந்தி 31 ஹெர்ட்ஸ். வாடகைக்கு வரும் சாதாரண பிஏ பெட்டிகள் 50-க்குக் கீழேயே தளர்ந்துவிடும். அந்தத் தந்தி கட்டைவிரலை வைத்துக்கொள்ள நல்ல இடம்.

மீதி எல்லாம் சிறு விஷயங்கள், ஆனால் நிகழ்ச்சியைக் கவிழ்ப்பவை. ஆக்டிவ் பேஸில் கேபிளைச் சொருகியதுமே உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி செலவாகத் தொடங்கிவிடும், இரவெல்லாம் சொருகியே வைத்தால் மறுநாள் மேடையில் டோன் கரகரத்து மங்கும். டிஐ பாக்ஸ் ஒன்றைச் சொந்தமாகக் கையோடு கொண்டுபோவது நல்லது, நீண்ட கேபிளில் இரைச்சல் ஏறாமல் மிக்ஸர் வரை சிக்னலைக் கொண்டுசேர்க்க அது வேண்டும். சவுண்ட் செக்கில் ஐந்து நிமிடம் கிடைத்தால், கிக்கும் பேஸும் மட்டும் அரை நிமிடம் சேர்ந்து வாசிக்கட்டும், இரண்டில் எதற்கு அடிப்பகுதி என்று சவுண்ட்மேன் அப்போதுதான் முடிவு செய்ய முடியும். கலைவிழாக்களில் அந்த ஐந்து நிமிடம் கிடைக்காது என்பது தெரிந்ததே. அப்படியானால் முதல் பாட்டாக, பேஸும் ட்ரம்மும் தனியாகத் தொடங்கும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கிதார் உள்ளே வருவதற்குள், அந்த எட்டு பாரில் சவுண்ட்மேன் பிடித்துக்கொள்வார்.