குவார்ட்ஸும் குவார்ட்டரும்

தெரிந்த பெண்மணி ஒருவர். குடிக்கிற கணவருக்கு ஊதாக்கல் மோதிரம் வாங்கிப் போட்டிருக்கிறார். அமெதிஸ்ட். “போட்டா குடியை விட்டுடுவார்னு கடையில சொன்னாங்க சார்!”

கடைக்காரர் சொன்னது புதுசல்ல, ரொம்பப் பழசு. கிரேக்க மொழியில் ‘அமெதிஸ்டோஸ்’ என்றாலே ‘போதை ஏறாதது’தான். அவர்களும் நம்பினார்கள், பாவம்!

உண்மையில் இது குவார்ட்ஸ். உள்ளே துளி இரும்பு. மண்ணுக்கடியில் இயற்கைக் கதிர்வீச்சு பட்டு ஊதாவாகிறது. அவ்வளவுதான். சுமார் 450 டிகிரியில் சூடாக்கினால் பெரும்பாலும் மஞ்சளாகிவிடும். அதையே ‘சிட்ரின்’ என்று பெயர் மாற்றி, பணம் கொட்டும் என்கிறார்கள். அடுப்புக்குள் போகும்போது மன அமைதி, வெளியே வரும்போது பணவரவு! பி.காம். படித்த எனக்கே இந்தக் கணக்கு பிடிபடவில்லை.

பராமரிப்பு யோசனை இன்னும் தமாஷ். ‘சக்தி ஏற’ வெயிலில் வைக்கணுமாம். பல நாள் வைத்துப் பாருங்கள், நிறம் வெளுக்கும். இளஞ்சூட்டு சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, பெட்டியில் வையுங்கள். போதும்.

அழகான கல். ஆசைக்குப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால், குடிநோய்க்கு மருந்து இருக்கிறது, கவுன்சலிங் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேட்கச் சொன்னேன். “மோதிரம் போட்டு மூணு மாசந்தானே ஆகுது, பார்ப்போம் சார்” என்கிறார்.

கணவர் கிளாஸைப் பிடிக்கிற கையில்தான் மோதிரம் மின்னுகிறது.