தப்பாகத் தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்!

ஜாவா இப்போதுதான் கற்க ஆரம்பித்திருக்கிறீர்களா? உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது! நீங்கள் தட்டியதை உங்கள் புரோகிராம் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்கும் அந்தக் கணம் உங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறதே!

எல்லாப் புகழும் ஸ்கேனர் என்ற கிளாஸுக்கு. 2004-இல் ஜாவா 5-உடன் வந்தது. அதற்கு முன்னால் ஒரே ஒரு எண்ணை வாங்குவதற்கு இன்புட்ஸ்ட்ரீம்ரீடரைத் தூக்கி பஃபர்டுரீடருக்குள் வைத்து, வரியை உருவி, பார்ஸ்இன்ட்டிடம் கொடுத்து, நடுவில் ஐஓ எக்செப்ஷனுக்கும் பதில் சொல்லி, அப்பப்பா! இப்போது சிஸ்டம் டாட் இன்-ஐ ஸ்கேனர் கையில் ஒப்படைத்துவிட்டு நெக்ஸ்ட்இன்ட் என்று கூப்பிட்டால் போதும்.

நினைத்துப் பாருங்கள். கறுப்புத் திரையில் 'உங்கள் வயது?' என்று வந்து நிற்கிறது, பக்கத்தில் கர்சர் துடிக்கிறது, புரோகிராம் அந்த வரியை விட்டு ஓர் அடி நகரவில்லை, நீங்கள் என்டர் தட்டும்வரை ஒரு மணி நேரமானாலும் காத்துக்கொண்டு நிற்கும். 18 என்று தட்டுகிறீர்கள். 'அடுத்த வருஷம் உங்களுக்கு 19' என்று பதில் வருகிறது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே குதித்தேன்! ஒன்றைக் கூட்டியதற்கா இந்த ஆட்டம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும், என் பேச்சுக்கு ஓர் இயந்திரம் பதில் பேசியிருக்கிறது, குதிக்காமல் என்ன செய்வது?

இனிமேல்தான் நிஜமான விருந்தே. வயதைக் கேட்ட இடத்தில் ஒருவர் 'பதினெட்டு' என்று எழுத்தில் தட்டிவிட்டார் என்று வையுங்கள். இன்புட்மிஸ்மேட்ச்எக்செப்ஷன், புரோகிராம் அங்கேயே படுத்துவிடும். சரி, டிரை-கேட்ச் போட்டு லூப்பில் திரும்பத் திரும்பக் கேட்கலாமே என்று தோன்றும். வேண்டுமென்றே ஒரு தடவை அப்படி ஓடவிட்டுப் பாருங்கள், அந்தக் காட்சியைத் தவறவே விடாதீர்கள்! 'உங்கள் வயது?' 'உங்கள் வயது?' என்று திரை முழுக்கப் பொழிந்து தள்ளும், கன்ட்ரோல்-சி தட்டினால்தான் நிற்கும். ஏன் தெரியுமா? நெக்ஸ்ட்இன்ட் தனக்குப் பிடிக்காத சொல்லை விழுங்குவதில்லை. அந்தப் 'பதினெட்டு' வரிசையின் தலையிலேயே உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு சுற்றிலும் அதே சொல்லில் போய் முட்டிக்கொள்கிறது.

அந்த மர்மம் விளங்கிய கையோடு ஹேஸ்நெக்ஸ்ட்இன்ட்டைச் சந்தியுங்கள். ஆகா, என்ன ஒரு மெத்தட்! கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே வந்திருப்பது யார் என்று பார்த்துவிடும் பாட்டி மாதிரி, வந்த சொல்லைத் தொடாமல் எட்டிப் பார்த்து, இது முழு எண்தானா என்று மட்டும் சொல்கிறது. இல்லை என்றால் நெக்ஸ்ட்லைனால் அந்த வரியையே அப்புறப்படுத்திவிட்டு 'எண்ணாகத் தாருங்கள்' என்று மறுபடி கேளுங்கள். வெறும் நெக்ஸ்ட் போட்டால் ஒரு சொல்தான் போகும், 'பதினெட்டு வயசு' என்று தட்டியவர் இரண்டு முறை திட்டு வாங்குவார். 18.5 தட்டினாலும் மறுக்கிறது, இன்ட்டின் எல்லை 2147483647 என்பதால் அதற்கு மேல் ஒன்று கூடினாலும் மறுக்கிறது, என்ன கறார்! -5 மட்டும் உள்ளே வந்துவிடும், அதுவும் முழு எண்தானே. 0 முதல் 120 வரை என்று ஓர் இஃப் நீங்களே போட்டுவிடுங்கள். வயதுக்குப் பிறகு நெக்ஸ்ட்லைனால் பெயரைக் கேட்டால் மிச்சமிருக்கும் என்டரை எடுத்துக்கொண்டு பெயர் காலியாக வரும். நடுவில் ஒரு நெக்ஸ்ட்லைன் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும். இதையெல்லாம் குறை என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை!

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாவிட்டால் எனக்கு இன்று தூக்கம் வராது. யுடிஎஃப்-8 டெர்மினலைத் திறங்கள், அதே புரோகிராமை ஓடவிடுங்கள், கேட்கும் இடத்தில் ௧௮ என்று தமிழ் எண்ணில் தட்டுங்கள். 19 என்று பதில் வரும்! யூனிகோடு இலக்கம் என்று சொல்லும் இந்தத் தமிழ் எண்களையும் ஸ்கேனர் எண்ணாகவே வாசிக்கிறது, இதற்காக நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம், கல்வெட்டிலும் ஓலையிலும் பார்த்த ௧-உம் ௮-உம் ஜாவாவுக்குள் போய்க் கூட்டல் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பி வருகின்றன, வீட்டில் இருந்த எல்லோரையும் கூவிக் கூப்பிட்டுக் காட்டினேன்! பத்துக்கான பழைய குறி ௰ மட்டும் செல்லாது, அது இலக்கக் கணக்கில் இல்லை. அதையும் தட்டிப் பாருங்கள். நீங்கள் எழுதிய லூப் கொஞ்சமும் பதறாமல் 'எண்ணாகத் தாருங்கள்' என்று கேட்கும். ௧௦ கொடுங்கள், 11 வந்து நிற்கும்!