காமன் கூத்தின் தப்பிசை: மீட்பும் மேடையும்

மறக்கப்பட்ட கலையொன்றை மீட்டெடுத்தல் என்பது இன்று கலைவிழாக்களின் விருப்பத்துக்குரிய தொடராகிவிட்டது. மறந்தவர் யார், மீட்பவர் யார், மீட்கப்பட்டது எவரிடம் சென்று சேர்கின்றது என்னும் வினாக்கள் எழுப்பப்படாதவிடத்து அத்தொடர் வெறும் அலங்காரமாகவே எஞ்சும். மலையகப் பெருந்தோட்டங்களின் காமன் கூத்தும் அதனைத் தாங்கிநிற்கும் தப்பிசையும் நகர மேடைகளிலும் பல்கலைக்கழக அரங்குகளிலும் இடம்பெறத் தொடங்கியமை வரவேற்கத்தக்கது. ஆயின், அம்மேடையேற்றங்களில் மீட்கப்படுவது எது, கைவிடப்படுவது எது என்பதை ஆராய்வது அவசியமாகின்றது.

காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலையக மக்களின் பெருங்கூத்துகளாகும். இவற்றுள் ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிற் பரவலாக வேரூன்றியது காமன் கூத்து. மாசி மாத அமாவாசையை அடுத்து மூன்றாம் பிறையளவில் காமன் பொட்டலிற் கம்பம் ஊன்றப்படும். அன்றுமுதல் வேடம் பூணுவோர் நோன்பிருப்பர். பகல் முழுதும் மலையிலும் தொழிற்சாலையிலும் உழைத்தவர்கள் இரவிற் பொட்டலிற் கூடுவர். பெரும்பாலும் பௌர்ணமி இரவில் முழுக்கூத்தும் நிகழும். தவத்திலிருக்கும் சிவன்மீது மதன் மலர்க்கணை தொடுப்பதும், நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுவதும், ரதியின் புலம்பலும் விடியலை நோக்கி நகரும். மூன்றாம் நாள் மதன் உயிர்பெறுவான். சடங்கும் கூத்தும் பிரிக்கவியலாதவாறு இணைந்துள்ள வடிவம் இது.

இக்கூத்தினை நாடகமாகவே நோக்கியவர்கள் அதன் இசைக் கட்டமைப்பைப் போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை. கம்பம் ஊன்றுவது முதல் மதன் எரிவது வரை நிகழ்ச்சியை நடத்திச் செல்வது தப்பும் உறுமியுமே. பாத்திரங்களின் வரவு, ஆட்டம், அருள் ஏறுதல், சினம், துயர் ஆகியவற்றுக்கேற்ப அடிகள் மாறுகின்றன. தளர்ந்த தோலை நெருப்பிற் காய்ச்சி மீண்டும் இறுக்குவதற்கான இடைவெளிகளும் நிகழ்ச்சியின் பகுதியாகவே அமைந்துவிடுகின்றன. ஒரு கையின் தடித்த குச்சியும் மறுகையின் மெல்லிய நீண்ட குச்சியும் எழுப்பும் இரு ஒலிகளை, பல தப்புகள் ஒருங்கே பெருக்குகின்றன. ஓரிரவு முழுதும் நீளும் இத்தகைய ஒழுங்கமைப்பைப் பல்லியம் என்று கொள்வதில் தவறில்லை. எழுதப்பட்ட இசைக்குறிப்பு இல்லாமையினாலேயே அதனைப் படைப்பு என ஏற்கத் தயங்குவது, ஏட்டிலுள்ளதே கலை என்னும் கற்றோர் மயக்கத்தின் விளைவாகும்.

இவ்வாறான வடிவம் விழா மேடைக்கு வரும்போது பெரும்பாலும் சில நிமிடத் துண்டாகச் சுருங்குகின்றது. விரைவான அடிகள் தெரிந்தெடுக்கப்படுகின்றன. ரதி புலம்பலின் தாழ்ந்த நடை விடப்படுகின்றது. பொட்டலில் நிற்பவன் வெறும் பார்வையாளன் அல்லன். கம்பத்துக்கு நேர்ந்துகொண்டவனாகவோ வேடம் பூண்டவனின் உறவினனாகவோ இருப்பான். மண்டபத்திலோ அவன் இருக்கையில் அமர்ந்து கைதட்டுபவனாகின்றான். இம்மாற்றம் முற்றிலும் தவிர்க்கக்கூடியதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேலைநாட்டுச் செவ்வியல் இசையின் வரலாறும் இதனை உணர்த்துகின்றது. யொஹான் செபஸ்ரியன் பாக், லைப்சிக் நகரத் தேவாலயத்தின் பெரிய வெள்ளி வழிபாட்டிற்காக ஆக்கிய மத்தேயு பாடுகளின் இசை 1727இல் முதன்முதலாக இசைக்கப்பட்டதென்பர். 1750இல் அவர் இறந்தபின் அது பொதுமக்கள் செவியினின்றும் மறைந்தது. 1829 மார்ச்சு 11ஆந் திகதி, இருபது வயதினரான பீலிக்ஸ் மெண்டல்சோன் பெர்லினில் அதனை மீண்டும் நிகழ்த்தினார். அவர் பல பாடல்களை நீக்கினார். வழக்கொழிந்த கருவிகளுக்குப் பதிலாகத் தம் காலத்துக் கருவிகளைச் சேர்த்தார். வழிபாட்டிசையைக் கச்சேரி மண்டபத்துக்குக் கொணர்ந்தார். குறுக்கப்பட்ட அந்நிகழ்வே பாக் இசையின் மறுவாழ்வுக்கு வழிகோலியது. எனவே குறுக்கம் என்பதொன்றே குற்றமாகாது. ஆயினும் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. மெண்டல்சோன் நீக்கியவை ஏட்டில் இருந்தன. பின்வந்தோர் அவற்றைத் திரும்பச் சேர்க்க முடிந்தது. காமன் கூத்தின் ஏடு அண்ணாவியின் நினைவும் தப்படிப்போரின் கைகளுமேயாகும். அங்கு விடுபட்டது ஒரு தலைமுறை கழியின் மீளாது.

நம் நாட்டு அனுபவமும் நோக்கற்பாலது. 1956இல் சரச்சந்திர அளித்த மனமே, சிங்கள நாடக மரபுக்குப் புதுநெறி காட்டியது. அதன் பின்னணியில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் நிகழ்த்திய கூத்து மீட்பு ஈழத்துத் தமிழ் அரங்கின் திருப்புமுனை எனலாம். 1962இல் மேடையேறிய கர்ணன் போரும் அதன்பின் வந்த இராவணேசனும், விடியும்வரை ஆடப்பட்ட வடமோடியைச் சில மணி நேரத்துள் அடக்கி, கூத்தைக் கற்றோர் மதிக்கும் கலையாக்கின. அப்பணியின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. எனினும் பேராதனையைச் சூழ்ந்த மலைகளில் மாசிதோறும் ஒலித்த தப்பிசைக்கு அத்தகைய இடம் அன்று வாய்க்கவில்லை. ஆகவே, மறக்கப்பட்ட கலை என்பதினும் கேட்கப்படாத கலை என்பதே காமன் கூத்துக்குப் பொருந்தும். பல தோட்டங்களில் அது ஒருபோதும் மறக்கப்படவில்லை.

கேட்கப்படாமைக்கான காரணம் தூரமன்று, சமூகத் தகுதியே. தப்பு இரு வேறு வாழ்வுகளை உடையது. இரவிற் கூத்துக்கு ஒலித்த அதே தப்பு, பல தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைக்கவும் ஒலித்தது. துரைக்கும் கங்காணிக்கும் அது உழைப்பை ஒன்றுதிரட்டும் கருவி. லயத்து மக்களுக்கோ உறக்கத்தைப் பறிக்கும் ஒலி. அதனை அடித்தவர்கள், சாவுக்கும் அடிக்கக் கடமைப்பட்டவர்களாய்த் தமிழகத்துக் கிராமங்களிலிருந்தே சாதியால் ஒதுக்கப்பட்டு வந்தவர்கள். கடல் கடந்து ஒரே லயத்தில் வாழ்ந்தும் அவ்வொதுக்கல் அழியவில்லை. தோட்ட அமைப்பு அதனைக் கலைக்காது தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது. ஆகவே தப்பின் ஒலியைப் பண்பாட்டுப் பெருமையாக மாத்திரம் முழக்கும் விழா, அதன் வரலாற்றிற் பாதியை மௌனமாக்குகின்றது.

கலை நலிவின் காரணங்களும் அரசியல் சார்ந்தவையே. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பகிரப்பட்டனர். எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டோருள் மதனும் ரதியும் அண்ணாவியும் தப்படிப்போரும் இருந்தனர். குடும்பங்கள் பிரிந்தவிடத்துக் கூத்துக்குழுக்களும் பிரிந்தன. அடிகளை அறிந்தவன் நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கும், பாட்டை அறிந்தவன் வவுனியாவுக்கும் சென்றபின், ஒரு பல்லியம் எவ்வாறு முழுமையாக நிலைக்கும்? கலை அழிவைப் புதியன விரும்பும் இளைஞர்மீது சுமத்துவோர் இவ்வரலாற்றைக் கருதுவதில்லை.

இளைஞர் சிலர் தப்பைத் தொட மறுப்பதும் ஈண்டு ஆராயத்தக்கது. இம்மறுப்பு கலை வெறுப்பன்று. இழிவாகச் சுமத்தப்பட்ட கடமையை உதறும் தன்மான உணர்வு. தமிழகத்திலும் சாவுக்குப் பறையடிக்க மறுத்த போராட்டங்கள் நிகழ்ந்துள்ளன. அதே பறையை விடுதலையின் கருவியாக ஏந்திய கலை இயக்கங்களும் எழுந்துள்ளன. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. தப்பைக் கீழே வைக்கும் உரிமை உள்ளவனே அதனை விரும்பிக் கையிலெடுக்கவும் முடியும். அவ்வுரிமையை ஏற்காத மீட்பு, பழைய கடமையைப் பொன்னாடை போர்த்தித் திருப்பிக் கொடுப்பதாகவே முடியும்.

எனவே மீட்பின் அளவுகோல் மேடையின் பொலிவன்று. மிருதங்கக் கலைஞனின் பெயரை அச்சிடும் அழைப்பிதழ், தப்படிப்போரைக் குழுவினர் என்னும் ஒரு சொல்லில் அடக்குகின்றதா? அவர்களுக்கு வழங்கப்படுவது கலைஞனுக்குரிய ஊதியமா, அன்றிப் பயணச் செலவா? முழுக்கூத்தும் பொட்டலில் நிகழும்போதே அதன் அடிகள் அனைத்தும் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, அப்பதிவு அம்மக்களிடமும் ஒப்படைக்கப்படுகின்றதா? பல்கலைக்கழக இசைக் கல்வியில் தப்புக்கு ஆசிரியராக அமர்பவர் அதனைப் பரம்பரையாக அறிந்தவரா? சாதி வேறுபாடின்றி எவரும் அவரிடம் மாணவராக அமர்கின்றனரா? இவையே கேட்கப்பட வேண்டியவை.

2023இல் மலையகத் தமிழரின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. முன்னோர் நடந்து மடிந்த வழியிலே பின்னோர் மீண்டும் நடந்தனர். அப்பயணம் காணியையும் வீட்டையும் நியாயமான கூலியையும் சமத்துவத்தையும் பற்றிய கோரிக்கைகளோடு இணைந்திருந்தமையாலேயே நினைவுகூர்தல் என்பதற்கு அப்பாற் பொருள் பெற்றது. தப்பிசையின் மீட்பும் அவ்வாறே அமைதல் வேண்டும். காமன் எரிந்தபின் மீண்டும் உயிர்பெறுகின்றான் என்பது மக்களின் நம்பிக்கை. அவனை எழுப்பும் கைகளுக்கு மதிப்பும் வாழ்வும் கிடைக்குமாயின், அக்கலையை மீட்பதற்கென வெளியார் எவரும் வரவேண்டிய தேவை இராது.