தபால் இலாகாவில் ஒரு நாவலாசிரியர்

அந்தோனி ட்ரோலோப் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1834-ஆம் ஆண்டில், தமது 19-ஆவது வயதில், லண்டன் தபால் இலாகாவில் குமாஸ்தாவாக அமர்ந்து, 1867-இல் ராஜிநாமாச் செய்யும்வரையில் மாதச் சம்பளத்துக்கு உழைத்தவர் என்பதையும், அவருடைய 47 நாவல்களில் பெரும்புகழ் பெற்றவை பல அந்த உத்தியோக காலத்திலேயே பிறந்தவை என்பதையும் கேள்வியுறுகிறவர்கள், அவரது உழைப்பைக் கண்டு பிரமிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கோ, உத்தியோகம் அவருடைய கலைக்குள் புகுந்து ரசமாகப் பரிணமித்த விதமே பேரதிசயமாகத் தோன்றுகிறது.

அவருடைய நியமம் பிரசித்தமானது. வால்த்தம் கிராஸில் குடியிருந்த காலத்தில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேஜைமுன் அமர்ந்துவிடுவார். காபியோடு வந்து தம்மை எழுப்பும் முதிய வேலைக்காரருக்கு அதற்கென்றே ஆண்டுக்கு 5 பவுன் அதிகமாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1883-இல், வெளியான சுயசரிதையில் இவற்றையெல்லாம் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்ததால், கலாதேவி கடிகாரத்துக்குக் கட்டுப்படுவாளா என்று முகம் சுளித்த ரசிகர் பலர். அவர்கள் அந்நூலில் வேறொரு செய்தியைக் கவனிக்கத் தவறினார்கள் என்றே நினைக்கிறேன். நாள்தோறும் எழுத்துக்கென ஒதுக்கிய மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி, முந்தின நாள் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு சொல்லின் ஓசையையும் செவியால் எடைபோடுவதிலேயே கழியும். கச்சேரிக்கு முன் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் போன்ற அந்த அரை மணியின் பயனாகத்தான், ஆபீசும் பிரயாணமும் இடையிட்டுக் கலைத்தபோதிலும், அவருடைய நடையில் அபஸ்வரம் தட்டுவதில்லை.

1851 முதல் சில ஆண்டுகள், கிராமத் தபால்காரர்கள் நடக்கவேண்டிய பாதைகளை வகுக்கும் பணியை இலாகா அவரிடம் ஒப்படைத்தது. குதிரைமீதேறி நாளொன்றுக்கு 40 மைல் போலச் சுற்றி, தபால்காரர் ஒருவர் 16 மைலுக்குள் எத்தனை வீட்டு வாசலை எட்டமுடியும் என்று அவர் அளந்து திரிந்தார். அந்தச் சுற்றுப்பயணத்தில் சாலிஸ்பரி நகரத்துப் பேராலயத்தைச் சுற்றி உலாவிய ஒரு கோடைக்காலத்து மாலையில், 'தி வார்டன்' நாவலின் கரு அவர் உள்ளத்தில் ஜனித்தது. தொடர்ந்து வந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' பெரும்பாலும் ரயில் வண்டியில், மடிமீது வைத்த பலகையில் பென்சிலால் எழுதப்பட்டு, மனைவியாரால் பிரதி செய்யப்பட்டது.

அந்நாவலின் முதல் அத்தியாயத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தெவிட்டுவதில்லை. முதிய பிஷப் மரணப் படுக்கையில் கிடக்கிறார். மந்திரிசபையோ கவிழும் தறுவாயில் இருக்கிறது. தந்தை முன்பே இறந்தால் பதவி மகனுக்கு, பின்பு இறந்தால் இன்னொருவனுக்கு என்ற நிலையில், மகன் தன் நெஞ்சுக்குள் எழுந்த ஆசையைக் கண்டு தானே நடுங்கி, மண்டியிட்டுப் பிரார்த்திக்கிறான். உயிர் பிரிந்ததும் பிரதம மந்திரிக்குத் தந்தி போகிறது. ஆனால் அதற்குள் மந்திரிசபை விழுந்துவிடுகிறது. செய்தி ஒன்று சற்றே பிந்துவதால் ஒரு மனிதனின் ஆயுள்கால ஆசையே கவிழ்ந்துபோகும் என்பதை, தபாலின் கால அட்டவணையோடு வாழ்ந்தவர் அல்லாமல் வேறு யார் இவ்வளவு நுட்பமாக உணர்ந்திருக்க முடியும்?

கீழ்த்திசைக்குச் செல்லும் தபாலை எகிப்து வழியாக ரயிலில் கொண்டுபோக உடன்படிக்கை செய்துவர அவர் 1858-இல் அனுப்பப்பட்டபோதும் பேனா ஓயவில்லை. கப்பலில் குமட்டல் தாளாமல் எழுந்து போய், மீண்டும் வந்து எழுதினார். இலாகாவை விட்டு நெடுங்காலம் ஆன பின்னும் அந்த வாசனை அவரை விடவில்லை. 'ஜான் கால்டிகேட்' என்ற பிற்கால நாவலில், பாக்வாக்ஸ் என்னும் தபால் குமாஸ்தா, உறையின்மேல் குத்தப்பட்ட முத்திரையின் தேதிக்கும் அதில் ஒட்டியிருந்த தபால் தலை அச்சான காலத்துக்கும் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்து, சிறைப்பட்டவனை மீட்க வழிசெய்கிறான். அந்தக் குமாஸ்தாவின் தொழில்வெறியை ட்ரோலோப் வர்ணித்திருக்கும் வாஞ்சை, அவருடைய கதாநாயகிகளுக்குக்கூட எளிதில் கிட்டாதது.